பச்சைக்கல்லுக்குள் ஒளிந்திருக்கும் தடுப்பு

தாமரை இலையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து லேசாக அசைத்தால், எல்லாம் உருண்டு ஒரே துளியாகிவிடும். சூடேறிய உலோகத் துகள்களின் சுபாவமும் அதுதான். தாமிரம் உருகுவது 1085 டிகிரி செல்சியஸில். ஆனால் நானோமீட்டர் அளவுத் துகள்களில் அணுக்கள் 200, 250 டிகிரியிலேயே ஊர ஆரம்பித்துவிடும். துகளும் துகளும் ஒட்டிப் பருக்கும். பருத்தால் மேற்பரப்பு குறையும். வினையூக்கம் நடப்பதே மேற்பரப்பில்தான்.

தாமிரத்தை வினையூக்கியாக வைத்துக் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் மெத்தனாலாக மாற்றும் வேலை நடப்பதோ அதே 200–300 டிகிரி வெப்பத்தில். போதாக்குறைக்கு, வினையில் பிறக்கும் நீராவி துகள்களை இன்னும் சீக்கிரமாக ஒட்டவைக்கும். இத்தனைக்கும் நடுவில் சுமார் 10 நானோமீட்டர் தாமிரத் துகள்கள் தாக்குப்பிடிப்பது, துத்தநாக ஆக்சைடு இடையில் நிற்பதால்.

அது அங்கே வந்து நிற்கும் விதம் இருக்கிறதே, எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. தாமிர உப்பையும் துத்தநாக உப்பையும் சேர்த்துக் கரைத்து, சோடியம் கார்பனேட் விட்டு வீழ்படிவாக்குகிறார்கள். அந்த நீலக் கூழை ஊறவிட்டால் மெல்ல நீலப்பச்சைக்கு மாறும். அந்த நிறமாற்றத்தில்தான் சங்கதியே இருக்கிறது. மாலகைட் என்ற பச்சைக்கல்லின் படிகம் அங்கே உருவாகிறது. தாமிரம் உட்கார வேண்டிய சில இடங்களில் துத்தநாகம் உட்கார்ந்திருக்கிறது. பிறகு சுட்டு, ஹைட்ரஜனில் ஒடுக்கினால் தாமிரம் உலோகமாகிறது, துத்தநாகம் ஆக்சைடாகவே நின்றுவிடுகிறது. ஒரே படிகத்தில் அணுவுக்கு அணு அண்டையில் இருந்தவை, பிரிந்த பின்னும் அண்டையிலேயே இருக்கின்றன. தாமிரத் துகள் பிறக்கும்போதே தடுப்போடு பிறக்கிறது.

இந்தத் துத்தநாக ஆக்சைடைத் ‘தாங்கி’ என்று பாடநூல் சொல்வது எனக்குப் போதவில்லை. துத்தநாகம் தாமிரப் பரப்பில் படிக்கட்டுபோல் அமைந்த விளிம்புகள் மேலேயே ஏறி அமர்கிறது என்று 2012-இல் பெர்லினின் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வுக்கூடத்தார் காட்டினார்கள். மெத்தனால் பிறப்பது அந்தத் துத்தநாக அணுக்களை ஒட்டியா, தாமிரமும் ஆக்சைடும் சந்திக்கும் எல்லையிலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் இரு தரப்பும் கைகாட்டுவது இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தை. காவலுக்கு வந்த துத்தநாகம் வேலையிலும் பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஐ.சி.ஐ. நிறுவனம் 1966-இல் இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் இந்தக் கலவையை ஆலைக்குக் கொண்டுவந்தது. தாமிரம், துத்தநாக ஆக்சைடு, கொஞ்சம் அலுமினா: உலகின் மெத்தனாலில் பெரும்பகுதி இன்றும் இந்த மூன்றின் மேல்தான் உருவாகிறது.