சுற்றமும் நட்பும்: குற்றாலக் குறவஞ்சி காட்டும் உறவும் தன்பாலின இணையரின் மணவரவேற்பும்

திருமணம் வேறு, மணவரவேற்பு வேறு. முன்னது கரணத்தால் நிகழ்வது. பின்னது சுற்றத்தால் நிகழ்வது. தாலியும் தீயும் பதிவேடும் முன்னதற்கு உரியன. வரவேற்பிற்குப் புரோகிதர் வேண்டா, பதிவாளரும் வேண்டா. வந்திருந்து வாழ்த்துவார் வேண்டும். இவ்விரண்டும் ஒருநாளிலேயே அடுத்தடுத்து நிகழ்தலின், பிரித்து நோக்குவார் சிலரே. அண்மைக் காலத்தில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் வாழ்க்கைத்துணையாக அமைந்து, உற்றார் முன்னிலையில் வரவேற்பு நிகழ்த்தும் வழக்கம் தோன்றியுள்ளது. ஆதலின் இப்பிரிவை இலக்கிய வழிநின்று ஆராயும் தேவையும் தோன்றியுள்ளது. அவ்வாராய்ச்சிக்குத் தென்காசி, குற்றாலப் பகுதியின் தனிப்பெரு நூலாகிய திருக்குற்றாலக் குறவஞ்சியை யாம் முதன்மையாகக் கொள்கின்றோம். காரணம் பின்னர் விளங்கும்.

சட்டத்தின் நிலையைச் சுருங்கக் கூறுவாம். மனமொத்த வயதுவந்தோரின் தன்பாலுறவு குற்றமன்று என 6-9-2018 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 17-10-2023 அன்று அந்நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, தன்பாலினத்தார் மணத்தை ஏற்கும் சட்டம் இயற்றுதல் நாடாளுமன்றத்தின் வினை எனக் கூறி, அவ்வுரிமையை வழங்காது விடுத்தது. சென்னை உயர்நீதிமன்றமோ 22-5-2025 அன்று, பிறந்த வீட்டாரால் தடுத்து வைக்கப்பெற்ற பெண்ணொருவரைத் தம் துணைவியுடன் செல்லவிடுத்தது. குடும்பம் அமைத்தற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்னும் கருத்து ஏற்கத்தக்கதே என்றும் உரைத்தது. தைவானில் 2019 முதலும் தாய்லாந்தில் 2025 முதலும் நடைமுறையில் உள்ள மணவுரிமை ஈண்டு இல்லை. எனவே கரணம் சட்டத்தின் வாயிலில் நின்றுவிட்டது. வரவேற்பு எவர் வாயிலிலும் நிற்கவேண்டுவதில்லை. 2022ஆம் ஆண்டு சென்னையில் தமிழ்ப்பெண் ஒருவரும் வங்காளதேசப் பெண் ஒருவரும் பெற்றோரும் உற்றாரும் சூழ மாலை மாற்றிக்கொண்ட செய்தியை நாளிதழ்கள் வெளியிட்டன.

இனி, அழைப்பிதழையும் ஆராய்ச்சிக்குரிய ஒரு பனுவலாகக் கொள்ளலாம் என்று யாம் கூறின் நகைப்பார் உளர்; நகைக்க. 'மணமகன்', 'மணமகள்', 'செல்வன்', 'செல்வி' என ஆண்பாலும் பெண்பாலுமாக நிற்கும் அழைப்பிதழின் நடை, இருவரையும் சேர்த்துச் சுட்டுமிடத்து 'மணமக்கள்' என்று மாறுகின்றது. உயர்திணையை ஆடூஉ, மகடூஉ, பல்லோர் என மூன்றாக வகுத்தார் தொல்காப்பியர். பன்மைக்கண் ஆண், பெண் என்னும் வேறுபாடு சொல்லில் புலப்படுவதில்லை. 'மணமக்கள்' பலர்பாற் சொல். இரு பெண்டிரைக் குறிப்பினும், இரு ஆடவரைக் குறிப்பினும் அது வழுவாகாது. இலக்கணம் இம்மணத்தை ஏற்றது என்று இதனால் யாம் கூறவில்லை. அழைப்பிதழ் எழுதுவார் மொழியால் இடர்ப்பட வேண்டியதில்லை என்பதே எம் கருத்து. அவ்வழைப்பிதழிலேயே 'சுற்றமும் நட்பும் சூழ' வருமாறு வேண்டும் தொடரும் உண்டு. சென்னை மாநிலம் எனப் பெயர் வழங்கிய காலத்து, 1967ஆம் ஆண்டில், இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 7அ பிரிவு, சுயமரியாதைத் திருமணத்திற்குச் சான்றாக உறவினரையும் நண்பரையும் பிறரையும் ஒருங்கே நிறுத்தியது. அப்பிரிவும் கணவன், மனைவி என்றே பேசுதலின் இவ்விணையர்க்குப் பயன்படாது. ஆயினும் உறவினர்க்கு ஒப்ப நண்பரைச் சான்றாக்கிய அதன் நோக்கு எம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது.

பண்டை நூல்களிலும் கரணமும் கூட்டமும் வெவ்வேறாகவே தோன்றுகின்றன. கொடுத்தற்குரியார் கொடுப்பக் கொள்வதே கற்பு என்று விதித்த தொல்காப்பியர், உடன்போக்கு நிகழ்ந்தவிடத்துக் கொடுப்பார் இன்றியும் கரணம் உண்டு என்று உடனே விலக்கும் கூறினார். கொடுப்பார் வாரா மணமும் மணமே என்பது அவர் துணிபு. ஆனால் அவ்வாறு வாராதொழிந்த கொடுப்பாரின் நெஞ்சம் என்ன ஆயிற்று? இவ்வினாவிற்கு விடை ஐங்குறுநூற்றில் உளது. ஓதலாந்தையார் பாடிய பாலைப்பகுதியின் 399ஆம் பாட்டில் ஒரு நற்றாய் பேசுகின்றாள். அவள் மகள் காதலனுடன் சென்றுவிட்டாள். சிலம்பு கழிக்கும் சடங்கு அவன் மனையில் நடப்பினும் நடக்க, வதுவை மணத்தையேனும் எம் மனையில் நிகழ்த்தலாகாதா என்று அவள் ஏங்குகின்றாள். மகள் சென்றதற்கு வருந்துதலினும், விருந்தயரும் உரிமை தன் கைவிட்டுப் போவதற்கு வருந்துதல் ஈண்டு மிகுதி. உரையாசிரியர்கள் இப்பாட்டிற்குத் துறைவிளக்கம் தந்ததோடு அமைவர். எம்மைக் கேட்பின், மணவரவேற்பு என்னும் பொருளுக்குத் தமிழில் இதனினும் சிறந்த பாட்டு இல்லை என்போம். மகனோ மகளோ தன்பாலினத்துத் துணையுடன் வேற்றூரில் வாழ்தலை அறிந்தும் அறியாதார்போல் இருக்கும் பெற்றோர் நெல்லைச் சீமையில் இலர் என்று கூறவியலாது. அவர்களுள் யார் இந்நற்றாயின் நிலைக்கு வருவர் என்பதே இன்றைய வினா. வரவேற்பு மண்டபத்தின் முன்வரிசை இருக்கைகள் அதனைப் பொறுத்தே நிரம்பும்.

இனிக் குறவஞ்சிக்கு வருவாம். தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை இயற்றினார். மதுரை நாயக்கர் இதற்குப் பரிசாக அளித்த நிலம் குறவஞ்சிமேடு என வழங்கலாயிற்று. பந்தடிக்கும் வசந்தவல்லி உலாவரும் குற்றாலநாதரைக் கண்டு மயங்குகின்றாள். பாங்கியைத் தூது விடுக்கின்றாள். குறத்தி வந்து குறி கூறுகின்றாள். ஆனால் வசந்தவல்லியின் திருமணம் நூலில் யாண்டும் நிகழவில்லை. குறி சொல்லிய அளவில் அவள் கதை நின்றுவிடுகின்றது. எஞ்சியது சிங்கனும் சிங்கியும் மீண்டும் கூடும் கதை. இது குறவஞ்சி என்னும் இலக்கிய வகையின் பொது அமைப்பே என்று கூறி ஒதுக்குவாரும் உளர். அது மெய்யே. ஆயின் மணம் இல்லாத இந்நூலில் உறவு பற்றிய பேச்சு நிறைந்திருத்தலை அவர்கள் கருதவேண்டும்.

குறத்தி தன் மலைவளம் கூறுமிடத்து மலைகளையெல்லாம் உறவினர்க்குப் பகிர்ந்தளிக்கின்றாள். கொல்லிமலை தங்கைக்கு, பழனிமலை கொழுநனுக்கு, விந்தமலை தந்தைக்கு, இமயம் தமையனுக்கு, சாமிமலை மாமிக்கு. இவ்வரிசை இரத்தத்தாலும் மணத்தாலும் வந்த உறவினரின் வரிசை. அதனோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை, நாஞ்சில்நாட்டு வேள்விமலையைத் தோழிக்கு என்கின்றாள். தோழி குருதியால் வந்தவள் அல்லள். கொடுத்துக் கொண்ட உறவினளும் அல்லள். எனினும் மாமியை அடுத்து அவளுக்கும் ஒரு மலை உண்டு. அதுவும் பிறர்க்குரிய மலைகளை ஒப்ப முழுமலை. எதுகை மோனை நோக்கி வைத்த சொல் என்று இதனைத் தள்ளுதல் எளிது. ஓசைக்காக வந்த சொல்லாயினும், தோழியை உறவின் வரிசையில் வைத்தல் கேட்பார்க்கு இடறலாகத் தோன்றவில்லை என்பதன்றோ ஈண்டுக் காணத்தக்கது? தேர்ந்துகொண்ட குடும்பம் என 2025இல் நீதிமன்றம் குறித்ததன் வித்து இம்மலைப்பகிர்வில் கிடக்கின்றது.

அடுத்த பாட்டு இதனினும் வலிது. தம் குலத்தார் வேற்றுக் குலத்திற்குப் பெண் கொடார், வேற்றுக் குலத்திற் கொள்ளார் என்று குறத்தி குலவிதியைப் பெருமிதத்துடன் கூறுகின்றாள். ஒருமுறை பற்றிய உறவை விடார் என்றும் உடன் கூறுகின்றாள். இவ்விதியைக் கூறி முடித்த அளவில், இலஞ்சி முருகனுக்கு ஒரு பெண்ணைக் கொடுத்தோம் என்கின்றாள்! தினைப்புனத்தில் விலங்கை விலக்கியும், வேங்கை மரமாய் நின்று வெயில் மறைத்தும் அவன் செய்த உதவியை நினைந்து கொடுத்ததாம். மலைகளைச் சீதனமாகவும் கொடுத்தனராம். கொடோம் என்ற வாயாலேயே கொடுத்தோம் என்கின்றாள். இதனை முரண் என்று கொள்வார் குறத்தியின் உள்ளத்தை அறியார். விதி பொதுவிற்கு உரியது. கொடை முன்னிற்பவனுக்கு உரியது. தம் பெண்ணுக்கு நிழலாய் நின்றவனைக் கண்ட சுற்றம் விதியை மறுக்கவில்லை. அதனைச் சொல்லிக்கொண்டே மீறிற்று. இலஞ்சி தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் உள்ள ஊர். கவிராயர் தம் ஊரின் அண்டைக் கோயிலையே இதற்கு எடுத்துக்கொண்டார்.

ஒரு தடையை ஈண்டு எழுப்புதல் நேர்மை. முருகன் ஆண், வள்ளி பெண்; இதனைத் தன்பாலின இணையர்க்கு எவ்வாறு சான்றாக்குவது? சான்றாக்கவில்லை என்பதே எம் விடை. கவிராயர் அவ்விணையரைக் கருதிப் பாடினார் என்பது பொருந்தாப் பொருள். தொல்காப்பியர் கருதினார் என்பதும் அத்தகையதே. கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பைக் காமமாக விரித்து இன்று எழுதுவாரோடும் யாம் உடன்படோம். அந்நட்பு தன்னளவிலேயே பெரிது. வேறொன்றற்குச் சான்றாக நிறுத்தினாலன்றி அதற்கு மதிப்பில்லை என்பதுபோல் எழுதுதல் அதனைச் சிறுமைப்படுத்துவதாகும். யாம் இந்நூலிடம் கேட்பது இணையரைப் பற்றியதன்று, சுற்றத்தைப் பற்றியது. தன் விதிக்கு அடங்காத அன்பொன்று முன்வந்து நிற்குங்கால், சுற்றம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதே வினா. அதற்கு இந்நூல் தெளிவான விடை தருகின்றது.

இவ்விடையை வரவேற்பில் வைத்துப் பார்த்தல் வேண்டும். தென்காசிப் பகுதியில் தாய்மாமன் வந்தானா, அத்தை வந்தாளா என்பதே மறுநாட் பேச்சு. மேடையேறி, இருவர் கையிலும் பரிசு கொடுத்து, ஒளிப்படத்திற்கு நின்று, பந்தியில் உண்டு செல்லும் மாமன் ஒரு சொல்லும் கூறாமலே உறவை ஏற்றவனாகின்றான். அவன் வாராவிடின் மண்டபம் நிறைந்திருந்தாலும் ஓரிடம் வெறிதாகவே தோன்றும். அவ்விடத்தை நண்பர்கள் நிரப்புதல் இயலுமா? முழுதும் இயலும் என்று யாம் கூறோம். தாய்மாமனின் இடம் தாய்மாமனுக்கே உரியது. குறத்தியும் மாமிக்குரிய சாமிமலையைத் தோழிக்கு மாற்றித் தரவில்லை. தோழிக்கென வேறொரு மலையைத் தந்தாள். அதன் பின்னரே தன் செல்வமலை எனத் திரிகூடத்தைப் பாடினாள்.