மாவுக்கட்டு பிரித்த பிறகு

பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கும் குழந்தைக்கு இன்று உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது பொன்செட்டி முறை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இக்னாசியோ பொன்செட்டி 1940களின் இறுதியில் உருவாக்கியது. பாதத்தை மெல்லத் திருப்பி வாரம் ஒரு மாவுக்கட்டு. ஐந்தாறு கட்டுகளில் கால் நேராகிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணையும் சிறு கீறலில் வெட்டிவிடுகிறார்கள். கடைசிக் கட்டு இருக்கும் மூன்று வாரத்தில் அது வளர்ந்து சேர்ந்துகொள்ளும்.

இந்த முறையின் வலிமை மருத்துவரின் கட்டைவிரலில் இருக்கிறது. பொன்செட்டிக்கு முன் கைட் என்ற மருத்துவரும் மாவுக்கட்டுதான் போட்டார். ஆனால் விரலை ஊன்றிய இடம் தவறு, சிகிச்சை மாதக்கணக்கில் இழுத்தது. அதனால் மருத்துவர்கள் பலர் பெரிய அறுவைக்குத் திரும்பினார்கள். அந்தப் பாதங்களில் பல, வயதானபோது விறைத்து வலித்தன. பொன்செட்டியிடம் சிகிச்சை பெற்றவர்களை முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்த 1995ஆம் ஆண்டு ஆய்வில், 78 விழுக்காட்டினரின் பாதம் நன்றாக இருந்தது.

குறை மாவுக்கட்டில் இல்லை, அதைப் பிரித்த பிறகு இருக்கிறது. இரு ஷூக்களையும் ஒரு கம்பியில் பிணைத்த பிரேஸை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும். பிறகு நான்கு வயதுவரை தூங்கும்போதெல்லாம். விட்டால் வளைவு திரும்பும். வடசென்னையின் திருவொற்றியூரில் ஒரு தாய்க்கு இது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தூளித் துணி கால்களை நெருக்கும், கம்பி அவற்றை அகட்டும். கடலோரப் புழுக்கத்தில் ஷூவுக்குள் தோல் வெந்துபோகும். கால் நேராகத்தானே இருக்கிறது, பிள்ளையை ஏன் வதைக்கிறாய் என்பார் மாமியார். கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே போனாயே என்ற பழியை ஏற்கெனவே சுமப்பவள் அவள். பாதம் வளர வளர புது ஷூ வேண்டும். அதற்காக ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போனால் ஒரு நாள் கூலி போகும். இவளை அலட்சியக்காரி என்று எழுதிவிடுவது அநியாயம். சிகிச்சையின் மிக நீண்ட பகுதியை ஊதியமில்லாத ஒருத்தியிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் (ஆர்.பி.எஸ்.கே.) வளைபாதமும் இருக்கிறது. அதன் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. பிரேஸ் போடும் குழந்தைக்கு அது போதாது. ஷூ அளவு பார்ப்பதையும் மாற்றித் தருவதையும் திருவொற்றியூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாதந்தோறும் செய்யுங்கள். கட்டு போட்ட குழந்தைகளை மட்டும் எண்ணாமல், நான்கு வயதில் நேராக நடக்கும் குழந்தைகளை எண்ணுங்கள்.