சாம்பல் மேட்டுச் சிலந்தி

இங்கிலாந்தில் வீடு கட்ட இடம் வேண்டுமென்றால் முதலில் பழைய ஆலை நிலத்தைப் பார் என்பது நெடுநாள் கொள்கை. புது வீடுகளில் 60 சதவீதம் ஏற்கெனவே பயன்பட்ட நிலத்தில் எழ வேண்டும் என்று 1998இல் அரசு இலக்கு வைத்தது. அதற்குச் சொல்லும் காரணங்கள் வலுவானவை. வயல்வெளி தப்பும், சாலையும் சாக்கடையும் பக்கத்திலேயே இருக்கும், நச்சு ஊறிய மண்ணைத் துப்புரவாக்கும் செலவில் ஒரு பங்கையாவது மனை விற்ற பணம் ஏற்கும். சிமென்ட் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் ஒவ்வொன்றாக மூடிய தேம்ஸ் கழிமுகத்துக்கு இது பொருத்தமான கொள்கையாகவே தோன்றியது.

பிசகு எங்கே என்பதை அதே கழிமுகத்திலுள்ள கேன்வி தீவு காட்டியது. அதன் மேற்குக் கோடியில் 1970களில் ஆக்சிடென்டல் நிறுவனம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்டது. சதுப்பின்மேல் கொட்டிய தூர்மணல் அப்படியே கிடந்தது. சத்தில்லாத அந்த மணலில் புல் அடர்ந்து எழவில்லை. வெயிலில் காயும் வெற்றுத் தரையும் மாதக்கணக்கில் பூக்கும் செடிகளுமாக அது மாற, தேனீக்களும் வண்டுகளும் குடியேறின; பிரிட்டனில் அருகிவரும் இனங்களும் அவற்றில் உண்டு. 2005இல் சட்டம் அதைக் காப்பிடமாக ஏற்றது. உரமும் பூச்சிமருந்தும் குடித்த வயலைக் காக்க இப்படியொரு மணல்மேட்டை அழிப்பது, என் பார்வையில், நட்டக்கணக்கு.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2012இன் திட்டமிடல் நெறிமுறை, சூழல் மதிப்பு உயர்ந்த ஆலை நிலத்துக்கு விலக்கே அளித்தது. அந்த மதிப்பை யார், எப்போது அளப்பது என்பதில்தான் சிக்கல். சிமென்ட் தூசியும் குப்பையும் கொட்டிய, அதே கழிமுகத்தின் ஸ்வான்ஸ்கோம் தீபகற்பத்தில் பிரம்மாண்டக் கேளிக்கைப் பூங்கா வரும் என்ற பேச்சு 2012இலேயே எழுந்தது. விண்ணப்பம் 2021 ஜனவரியில் பரிசீலனைக்கு ஏற்கப்பட்டது. அந்தத் தீபகற்பம் காப்பிடம் என்ற அறிவிப்போ அதே ஆண்டு மார்ச்சில்தான் வந்தது. பிரிட்டனில் இரண்டே இடங்களில் அறியப்பட்ட குதிக்கும் சிலந்தி ஒன்று அங்கே வாழ்கிறது; மற்றோர் இடம் எதிர்க்கரையில் வெஸ்ட் துராக் மின்நிலையத்தின் சாம்பல் நிலம். 2022இல் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. சிலந்தி பிழைத்தது நல்லதே. ஆனால் ஒன்பது ஆண்டு பேச்சுக்குப் பின் வரும் தடை, முதலீட்டாளருக்கும் வேலைக்குக் காத்திருந்த ஊருக்கும் நியாயமாகத் தெரியாது. கணக்கெடுப்பு முதலில் நடந்திருக்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் இன்னொரு விதி வந்தது: கட்டுமானத்துக்குப் பின் உயிர்ப்பன்மை 10 சதவீதமாவது கூடியிருக்க வேண்டும். நோக்கம் நல்லது. ஆனால் அதன் அளவுகோல் வாழிடத்தைத்தான் எண்ணுகிறது, அங்கு வாழும் இனத்தை அல்ல. சாம்பலை நம்பி வாழும் சிலந்திக்கு வேறெங்கோ நடும் புல்வெளியால் என்ன பயன்?

பாதுகாப்பாளர் தரப்பிலும் ஓட்டை உண்டு. வேலியடைத்துவிட்டுப் போனால் இந்த நிலத்தைச் சில ஆண்டுகளில் முட்புதர் மூடிவிடும். கேன்வியில் உள்ளூர் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தரையைக் கீறியது, தற்செயலாக, பூச்சிகளுக்கு உதவியது! இப்போது அந்தப் பணியை ஆள்வைத்துப் புதர் வெட்டிச் செய்ய வேண்டியிருக்கிறது. அறிவிப்பு ஆணையோடு ஆண்டுதோறும் ஆகும் இந்தச் செலவுக்கும் வழி சொல்லியாக வேண்டும்.

ஸ்வான்ஸ்கோமுக்கு அருகிலேயே, சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய குவாரிகளில் எப்ஸ்ஃப்ளீட் தோட்டநகரம் எழுகிறது. 2014இல் அறிவித்தபோது இலக்கு 15,000 வீடுகள். பயன்பட்ட நிலத்தில் கட்டு என்ற கொள்கை அங்கே சரியாகவே பொருந்துகிறது. இரண்டும் ஒரே தொழில் விட்டுச்சென்ற நிலங்கள்தாம்; பேச்சில் இரண்டுக்கும் ‘பயன்பட்ட நிலம்’ என்ற ஒரே பெயர்தான்.