கோர்வையும் சொங்கெட்டும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் கைத்தறியின் மரபுகள்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் புடவைக் கடைகளுக்குள் நுழைய இடமிருக்காது. அலமாரி முழுக்கப் பட்டு. குழித்தறியில் நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்த காஞ்சிபுரமும், விசைத்தறியில் சில மணி நேரத்தில் இறங்கிய அதன் நகலும் ஒரே அடுக்கில் இருக்கும். கல்யாணப் புடவைக்கென்று ஆயிரக்கணக்கில் ரிங்கிட் சேர்த்து வைத்த குடும்பங்கள் நிறத்தையும் கரையையும் பொறுமையாகப் பார்க்கின்றன. எந்த ஊர்த் தறி, எந்தச் சங்கத்து நெசவு, நெய்தவர் யார் என்று கேட்பவர் மிகச் சிலர். அந்தக் கேள்விகள் நம் வீடுகளில் பழக்கத்துக்கு வர வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் முன்னோர் ரப்பர்த் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் கப்பலேறியபோது தறியைக் கூடக் கொண்டுவரவில்லை. ஆனால் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே துணி இங்கே வந்துவிட்டது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு சுமத்ராவின் பாரூஸில் 1088இல் தமிழ்க் கல்வெட்டு நாட்டியிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்ச்சுக்கீசியர் தோமே பிரெஸ், சோழமண்டலக் கரைத் துணி அந்தத் துறைமுகத்தின் வாணிகத்தில் எவ்வளவு பெரிய பங்கு என்பதை எழுதி வைத்திருக்கிறார். பழவேற்காட்டிலிருந்து ஏறிய கட்டம் போட்ட துணிதான் இன்றைக்கும் மலாய்க்காரர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் நோன்புப் பெருநாளுக்கும் உடுத்தும் கைன் பெலிகாட். கடலூர்ப் பக்கம் குறிஞ்சிப்பாடியிலும், வேலூர்ப் பக்கம் குடியாத்தத்திலும் கைலி நெய்யும் தறிகள் அந்த வழியில் வந்தவை. நாம் சாதாரணமாகக் கட்டிக்கொள்ளும் கைலிக்கு மலாய் மண்ணில் இத்தனை மரியாதை இருப்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தத் துணிகளின் தரத்தைக் காத்தது யார்? அரசர்களைச் சொல்வது வழக்கம். எனக்குத் தெரிந்தவரை அந்தப் பெருமையில் பெரும்பங்கு நெசவாளர் கூட்டமைப்புகளுக்கு உரியது. இன்றைய தென் குஜராத்தான லாட நாட்டிலிருந்து, இன்றைய மத்தியப் பிரதேசத்து மந்தசோருக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று, கி.பி. 437 வாக்கில் அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டியது. 473 வாக்கில் அதைப் பழுதுபார்த்துக் கல்வெட்டும் வெட்டி வைத்தது. தங்கள் பட்டின் அழகை அந்தக் கல்லிலேயே புகழ்ந்துகொண்ட நெசவாளர்கள் அவர்கள். மதுரை, கும்பகோணம் வட்டாரத்துச் சௌராஷ்டிரர் பலர் தங்கள் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். தமிழகத்தில் கைக்கோளர் என்னும் செங்குந்தர் எழுபத்திரண்டு நாடுகளாகப் பிரிந்து நின்று, காஞ்சிபுரத்து மகாநாட்டுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் பல்லக்கில் ஏறவும் சங்கு ஊதவும் அவர்கள் உரிமை பெற்றதைக் கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. நூல் நூற்றுக் கஞ்சி போட்ட கையால் சங்கு ஊதும் உரிமை வாங்குவது அந்தக் காலத்தில் எளிய காரியமா? சாதிக் கட்டுமானத்துக்குள்தான் இந்தக் கூட்டமைப்புகள் இயங்கின என்பதையும், தார் சுற்றிப் பாவு பிணைத்த பெண்களுக்கு அந்தச் சபைகளில் குரல் இருந்ததாகத் தெரியவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மான்செஸ்டர் ஆலைத் துணியும் பிறகு உள்ளூர் ஆலைத் துணியும் வந்து தறிகளை ஓயவைத்தபோது, பழைய நாடுகளின் இடத்தைக் கூட்டுறவுச் சங்கங்கள் எடுத்துக்கொண்டன. தமிழகக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ் தொடங்கிய ஆண்டு 1935. காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1953இல் தம் கட்சியினரோடு சேர்ந்து கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். தேங்கிக் கிடந்த துணியை நகர்த்த அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று சங்கத்து நெசவாளருக்கு நூலும் சரிகையும் சங்கத்திலிருந்தே வருகின்றன. முடித்த புடவையைச் சங்கத்தில் எடைபோட்டு, நீளம் அளந்து, பிசிறு பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள். தரம் என்று நாம் பேசுவதெல்லாம் அந்தச் சோதனையில்தான் தீர்மானமாகிறது.

காஞ்சிபுரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் உயிர் கோர்வையில் இருக்கிறது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தலா ஒரு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடை, அதாவது குறுக்கிழை, கரைக்குள் நுழையாது. கரையின் ஊடை உடலுக்குள் வராது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று கோர்த்துக்கொண்டு திரும்பிவிடும். நெய்பவர் ஒருவர், மறு ஓரத்தில் கரை நாடா போட இன்னொருவர் என்று இருவர் உட்கார வேண்டிய வேலை இது. இதனால் கிடைக்கும் பலன் என்னவென்றால், அரக்குக் கரை சுத்த அரக்காகவே நிற்கும். பச்சை உடலின் சாயல் அதில் துளிகூட ஏறாது. ஒரே நாடாவில் நெய்த புடவையில் கரையின் நிறத்துக்குள் உடலின் நிறம் கலந்து மங்கித் தெரியும். அப்படி நெய்ததும் நல்ல புடவையாக இருக்கலாம், விலையும் குறைவு. ஆனால் அதைக் கோர்வை என்று சொல்லி விற்கக் கூடாது. புடவையைத் திருப்பிப் பார்த்தால் கோர்த்த இடம் விரல் நுனியில் தட்டுப்படும்.

முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் அடுத்த சிரமம் தொடங்குகிறது. நீளவாக்கில் ஓடும் பாவின் ஒவ்வொரு இழையோடும் முந்தானைப் பாவின் இழையைப் பின்னித் திரிக்கும் வேலைக்குப் பிட்னி என்று பெயர். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று தவறினாலும் முகத்தில் அடித்தாற்போல் தெரியும். முந்தானை தொடங்கும் கோட்டில், பின்னிய இடம் தடித்த வரியாகக் கிடக்கும். கோர்வையும் பிட்னியும் சேர்ந்த புடவைக்கு ஓய்வில்லாமல் நெய்தாலும் வாரக்கணக்கு ஆகும். இதைத் தெரிந்துகொண்டு விலையைக் கேட்டால், பேரம் பேச நாக்கு எழாது.

சரிகையையும் பார்க்க வேண்டும். அசல் சரிகையில் பட்டிழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் ஏற்றியிருப்பார்கள். பொன்னின் அளவு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான், விலையை உயர்த்துவது வெள்ளி. மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவந்த பட்டிழை தெரியும். கைத்தறிக்கு இன்னொரு அடையாளம், துணியை அகலமாக இழுத்துப் பிடிக்கும் கோலின் ஊசிகள் இரு ஓரங்களிலும் விட்டுப்போன சின்னஞ்சிறு துளைகள்.

மற்ற ஊர்களுக்கும் தனித்தனி முகம் உண்டு. திருபுவனத்துச் சௌராஷ்டிர நெசவாளர்களின் பட்டு விசிறி மடிப்பில் வரும். அங்கே 1955இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இன்றும் பெயர் சொல்லி நிற்கிறது. ஆரணிப் பட்டு இலேசானது, தினசரிக்கு ஏற்றது. மாயவரத்துக் கூறைநாடு, பட்டையும் பருத்தியையும் கலந்து நெய்த கட்டத்துக் கூறைப்புடவையால் பேர் பெற்றது. முகூர்த்தப் புடவைக்கே அந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. காரைக்குடிக் கண்டாங்கி அழுத்தமான பருத்தி, அகலக் கரை, வேகவைத்துத் துவைத்தாலும் அசையாத நெசவு. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்களின் ஊர்ப் பெண்கள் வளர்த்த புடவை அது. மதுரைச் சுங்குடி முடிச்சுச் சாயத்தில் பிறக்கிறது. இவற்றில் பலவும் இன்று புவிசார் குறியீடு பெற்றவை.

குறியீடுகள் பெருகிவிட்டன என்பதும் உண்மை. பட்டு சுத்தமா என்பதற்கு 2004இல் வந்த சில்க் மார்க் பதில் சொல்லும். அது கைத்தறியா என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பேற்காது. கைத்தறிக்கு 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் வேண்டும். இன்ன ஊர் நெசவு என்பதற்குப் புவிசார் குறியீடு. மூன்றும் மூன்று கேள்விகள். ஒன்றைக் காட்டி மற்ற இரண்டையும் நம்ப வைக்கும் விற்பனைப் பேச்சை நாம் ஏற்கத் தேவையில்லை. இந்த முத்திரைகள் எல்லாவற்றையும்விட எனக்கு மேலாகப் படுவது 2010களில் கோ-ஆப்டெக்ஸ் செய்த ஒரு சிறு காரியம். நெய்தவரின் பெயர், வயது, படம், எத்தனை ஆண்டு அனுபவம் என்ற விவரங்களோடு ஓர் அட்டையைப் புடவையோடு வைத்தார்கள். இந்தியாவில் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் கைத்தறித் தொழிலில் இருப்பதாக 2019-20 கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களில் பத்துப் பேருக்கு ஏழு பேர் பெண்கள். இத்தனை கைகள் பெயரில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தபோது, அந்த அட்டை ஒரு கையொப்பமாக வந்தது.

பெயரைப் பற்றிப் பேசும்போது, நாம் வாழும் மலேசிய மண்ணின் தறிகளிடம் கற்க நிறைய இருக்கிறது. திரெங்கானு, கிளந்தான் மாநிலங்களின் சொங்கெட், 2021இல் யுனெஸ்கோவின் மானுட மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டுத் தரையின் மேல் பொன்னிழையைக் கூடுதல் ஊடையாக ஓட்டி, பூவைத் தூக்கிக் காட்டும் நெசவு அது. காஞ்சிபுரத்தில் முன்பு அடை என்ற நூல்கட்டைத் தறியில் கட்டிப் புட்டாப் பூ போட்ட முறையை அறிந்தவர்களுக்குச் சொங்கெட் தறி அந்நியமாக இருக்காது. சாரோங்கின் நடுவே குறுக்கே வரும் பகுதி கெப்பாலா, மற்றது பாடான், ஓரம் தெப்பி. இந்த மூன்றும் முறையாக அமைந்திருப்பதே முதல் தரம். பொன்னிழை சீராகக் கிடப்பதும், ஓரத்தில் பூ பாதியில் வெட்டுப்படாமல் முழுதாக முடிவதும் அதற்கடுத்தவை. கெப்பாலாவில் எதிரெதிராக நிற்கும் பூச்சோக் ரெபுங் என்ற மூங்கில் குருத்து வடிவத்தைப் பார்த்தவுடன் நம் தாழம்பூ ரேக்குக் கரை நினைவுக்கு வரும். பூங்கா தஞ்சோங் என்று அவர்கள் நெய்யும் சிறு பூ நம் மகிழம்பூவேதான். பஹாங்கின் பெக்கானில் நெய்யும் தெனுனுக்கு வேறு வரலாறு. பூகிஸ் மரபில் வந்த அந்த நெசவை இன்று பஹாங் சிறைச்சாலைகளிலும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

சரவாக் இபான் பெண்களின் புவா கும்பு எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்கவைப்பது. இடுப்பில் பட்டை கட்டி உட்கார்ந்து நெய்யும் தறி. பாவு இழைகளை முன்கூட்டியே முடிந்து சாயமிடும் முறை. செந்நிறத்துக்கு எங்குடு வேர். நம் ஊர் நுணாவின் இனம் அது. சாயம் பிடிக்க நூலைப் பதப்படுத்தும் ஙார் என்ற சடங்கை நடத்துவது, போருக்குப் போன ஆணின் வீரத்துக்குச் சமமாக மதிக்கப்பட்டது. கலவையின் அளவறிந்த பெண்ணுக்கே நெசவாளர்களில் உச்ச இடம். ஒரு பெண் எந்த உருவத்தை நெய்யலாம் என்பதற்கும் படிநிலை உண்டு. தன் தகுதிக்கு மிஞ்சிய உருவத்தில் கைவைத்தால் தனக்கே தீங்கு என்று நம்பினார்கள். பெரிய துணி ஒவ்வொன்றுக்கும் ஜூலோக் என்ற புகழ்ப்பெயர் சூட்டினார்கள். நம் மரபில் கரைக்கும் நிறத்துக்கும் பெயர் இருக்கிறது. அங்கே துணிக்கே பெயர் இருக்கிறது, நெய்தவளின் பெயரும் தலைமுறை தாண்டி நிற்கிறது. காப்பிட் வட்டாரத்து ரூமா கரே நீள்வீட்டைச் சேர்ந்த பாங்கி எம்போல் அப்படித்தான் கடல் கடந்தும் அறியப்பட்டார். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நீள்வீட்டு நெசவாளர்களோடு சேர்ந்து செய்த பணியால் கோலாலம்பூருக்கும் அந்தத் துணிகள் வந்தன.

இவற்றையெல்லாம் நேரில் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. டத்தாரான் மெர்டேக்கா அருகே, ஒருகாலத்தில் ரயில்வே அலுவலகமாக இருந்த கட்டடத்தில் தேசிய ஜவுளி அருங்காட்சியகம் 2010 முதல் இயங்குகிறது. ஜாலான் கொன்லேயில் அரசுக் கைவினை நிறுவனமான கிராஃப்தாங்கானின் கைவினை வளாகம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் பரதம் கற்கும் பிள்ளைகளின் ஆடையில்கூட இந்த வரலாறு இருக்கிறது. ருக்மிணி தேவி சென்னைக் கலாக்ஷேத்திராவில் நாட்டியத்தோடு நெசவுக்கூடமும் வைத்து, மறைந்துகொண்டிருந்த பழைய காஞ்சிபுரக் கரைகளை மறுபடி தறியில் ஏற்றினார். இன்று கலாக்ஷேத்திராப் புடவை என்று நாம் விரும்பி வாங்கும் அகலக் கரையும் அடக்கமான நிறமும் அங்கிருந்து பரவியவை. நாட்டியத்தையும் தறியையும் ஒரே கூரையின்கீழ் வைத்த அந்த யோசனை கிள்ளான் பள்ளத்தாக்கின் கலைப்பள்ளிகளுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ரவாங்கில் தேசியக் கைவினைக் கழகம் நெசவில் டிப்ளமா கற்றுத்தருகிறது. எஸ்.பி.எம். முடித்து என்ன படிப்பது என்று கேட்கும் நம் பிள்ளைகளிடம் கணினி, கணக்கியல், தாதிமை என்று சொல்லும் பெற்றோர் இதையும் ஒரு வாய்ப்பாகச் சொல்லலாம். சொங்கெட் நெய்யக் கற்ற ஒரு தமிழ்ப் பெண் அடுத்த தீபாவளிக்குக் கிள்ளான் கடையில் ஒரு காஞ்சிபுரத்தைக் கையிலெடுத்தால், கோர்த்த இடத்தைத் தடவிப் பார்த்து, ஊரையும் சங்கத்தையும் நெய்தவர் பெயரையும் கேட்பாள். நாலு பேர் அப்படிக் கேட்கத் தொடங்கினால், கடைக்காரர் அடுத்த சரக்கை அந்த விவரங்களோடுதான் வரவழைப்பார்.