வாடகைக்கு எடுத்த அரங்கு

குறும்படங்களைப் பற்றி எழுதும்படி பத்திரிகை நண்பர் கேட்டபோது நான் உடனே சம்மதிக்கவில்லை. அந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய உறுத்தல் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு சிறிய அரங்கில் ஒன்பது குறும்படங்கள் காட்டினார்கள். படங்கள் ஓடியபோது பாதிப் பேர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். விளக்குப் போட்டதும் சபைக்கு உயிர் வந்துவிட்டது. காபி வந்தது, தயாரிப்பாளர் யார், அவருக்கு வேண்டியவர் யார் என்ற விசாரணையும் வந்தது. ஓர் இளைஞர் மிகுந்த பணிவோடு என் எண்ணைக் கேட்டார். நான் நாவல் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அதே பணிவோடு விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' போட்டியில் குறும்படம் காட்டியவர்கள்தாமே? ஒருவர் 2012-இல் 'பீட்சா' எடுத்தார், மற்றவர் 2013-இல் 'சூது கவ்வும்' எடுத்தார். ஏணி இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஏறாதே என்று யார் சொல்வது? ஆனால் அன்று பார்த்த ஒன்பதில் ஆறு, படங்களே அல்ல, மனுக்கள். 'எனக்குச் சண்டைக் காட்சி வரும், சோகம் வரும், ஹாஸ்யமும் வரும்' என்று பத்து நிமிஷத்தில் விண்ணப்பித்துக்கொண்டவை. சிறுகதையை நாவலுக்கு எழுதிய சிபாரிசுக் கடிதமாக நினைப்பவன் சிறுகதை எழுத மாட்டான்.

இந்த இடத்தில் எனக்கு மாயா டெரன் ஞாபகம் வருகிறார். 1943-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், தாம் குடியிருந்த வீட்டிலேயே, கணவர் அலெக்ஸாண்டர் ஹாம்மிடுடன் சேர்ந்து பதினான்கு நிமிஷப் படம் ஒன்றை எடுத்தார். சாவி, கத்தி, மாடிப்படி, முகத்துக்குப் பதில் கண்ணாடி வைத்த ஓர் உருவம், இவ்வளவுதான் சாமான். ஹாலிவுட்டில் உதட்டுச் சாயத்துக்கு ஆகும் செலவில் நான் படம் எடுக்கிறேன் என்று சொல்லக்கூடிய வாய்த்துடுக்கு அந்த அம்மாளுக்கு இருந்தது. படம் எடுத்தாயிற்று, காட்டுவது யார்? அவர் யாரிடமும் போய் நிற்கவில்லை. நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், ஒரு காலத்தில் யூஜீன் ஓநீலின் நாடகங்கள் நடந்த பிராவின்ஸ்டவுன் பிளேஹவுஸை வாடகைக்கு எடுத்தார். 1946 பிப்ரவரியில் தம் படங்கள் மூன்றைக் காட்டினார். 'கைவிடப்பட்ட மூன்று படங்கள்' என்று விளம்பரம்! தம் சரக்கைத் தாமே இப்படி அறிமுகப்படுத்தும் தைரியம் நம் விழாத் துண்டுப் பிரசுரங்களில் நான் கண்டதில்லை.

அந்தக் காட்சிகளைப் பார்த்தவர்களில் ஆமோஸ் வோகல் என்பவர் ஒருவர். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்தவர். அவருடைய எண்ணை டெரன் வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை, அவசியமும் இருந்திருக்காது. 1947-இல் வோகலும் மனைவி மார்ஷியாவும் அதே அரங்கில் 'சினிமா 16' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பொதுக் காட்சி என்றால் ஒவ்வொரு படத்தையும் தணிக்கைக்காரரிடம் கொண்டுபோக வேண்டும். அங்கத்தினர்களுக்கு மட்டும் என்றால் வேண்டாம். ஆகவே சந்தா வாங்கினார்கள். உச்ச நிலையில் சுமார் 7,000 அங்கத்தினர்கள்! வருஷச் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிட்டு, என்ன படம் வருமோ என்று வந்து உட்காரும் ஏழாயிரம் பேர். நம் இலக்கியப் பத்திரிகைகளுக்கு அதில் பாதி கிடைத்திருந்தால் பல ஆசிரியர்களின் மனைவிமார் நகையை மீட்டிருப்பார்கள்.

வோகலின் சாமர்த்தியம் படங்களை அடுக்குவதில் இருந்தது. விஞ்ஞானப் படம் ஒன்று, செய்திப் படம் ஒன்று, நடுவில் யாருக்கும் புரியாத ஒன்று. விஞ்ஞானம் பார்க்க வந்தவர் கவிதையையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பிடிக்கவில்லை என்று சபை முணுமுணுத்தால் அவர் கவலைப்படுவதில்லை. நல்ல பத்திரிகாசிரியன் செய்யும் வேலைதான் இது.

ஆனால் பத்திரிகாசிரியனுக்குள்ள பாவமும் அவரை விடவில்லை. ஸ்டான் பிராக்கேஜ் 1958-இல் எடுத்த 'ஆன்ட்டிஸிபேஷன் ஆஃப் தி நைட்' என்ற படத்தை அவர் திருப்பிவிட்டார். சப்தம் கிடையாது, கதை கிடையாது. ஒரு மனிதனின் நிழல், வெளிச்சங்கள், குழந்தைகள் என்று நாற்பது நிமிஷம் போகும் படம். இந்த நிராகரிப்பு சக கலைஞர்கள் மனத்தில் தைத்தது. 1962-இல் ஜோனாஸ் மெகாஸும் மற்றவர்களும் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் விதி ஒன்றே: யார் படம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், தேர்வு செய்ய எவனுக்கும் அதிகாரம் இல்லை.

யார் பக்கம் நியாயம்? வெகு காலம் நான் வோகல் கட்சி. எல்லாவற்றையும் பிரசுரிக்கும் பத்திரிகையை எவன் படிப்பான் என்று வாதாடியிருக்கிறேன். இனி என் உறுத்தலைச் சொல்லிவிடலாம். ஒரு சமயம் இதே சென்னையில் ஒரு சிறு திரையிடலுக்குப் படம் பொறுக்கித் தர என்னைக் கேட்டார்கள். வந்தவற்றில் ஒன்று: ஓர் அம்மாள் தண்ணீர் லாரியில் குடம் பிடித்து மூன்று மாடி ஏறுகிறாள். மறுபடி இறங்குகிறாள். மறுபடி ஏறுகிறாள். பன்னிரண்டு நிமிஷம். 'கதை இல்லை' என்று இரண்டு வார்த்தை எழுதி ஒதுக்கினேன். ஒரு வருஷம் கழித்து ஒரு கல்லூரி வகுப்பறையில், சுவரில் வேஷ்டியைக் கட்டி அந்தப் படத்தைக் காட்டினார்கள். இருபது பேர் இருந்திருப்போம். ஏழாவது தடவை அவள் படியில் நின்று, குடத்தை இறக்காமலே மூச்சு வாங்கினாள். எனக்குப் பின்னால் யாரோ 'உஸ்' என்றார்கள். என் முழங்காலும் வலித்தது. முதல் தடவை நான் அந்தப் படத்தை வீட்டில், தனியாக, சாப்பாட்டுக்கு முன் அவசரமாகப் பார்த்தேன், கதையைத் தேடினேன், அவள் மூச்சு வாங்கியதைக் கவனிக்கவேயில்லை.

படம் எடுத்த பையன் அங்கே இருந்தான். நான்தான் அந்த இரண்டு வார்த்தை எழுதியவன் என்று சொல்லிக்கொண்டேன். அவன் கோபிக்கவில்லை. "சார், ஏழாவது தடவை கொஞ்சம் நீளமோ?" என்று கேட்டான். இல்லை என்றேன். அதைப் பற்றியே பேசிக்கொண்டு இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். அவன் என் எண்ணைக் கேட்கவில்லை.

வோகலின் சங்கம் 1963-இல் பணமுடையால் மூடப்பட்டது. மெகாஸின் கூட்டுறவு அமைப்பு நியூயார்க்கில் இன்றும் நடக்கிறது. ஆனாலும் அந்த ஏழாயிரம் பேரை ஒரே வரிசையில் உட்கார வைத்தவர் வோகல்தான் என்று என் மனம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது.