பந்திக்கு முந்தும் பாக்டீரியங்கள்

தயிர் உண்டால் ஆயுள் நீளும் என்று நூல் எழுதிய நோபெல் அறிஞரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவர் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய இலியா மெச்னிகாஃப். 1907-ல் வெளிவந்த அந்நூலை இன்றைய அறிவியலின் உரைகல்லில் உரசிப் பார்ப்போமா?

அவருடைய வாதம் இதுதான்: பெருங்குடலில் சில நுண்ணுயிர்கள் உணவை அழுகச் செய்து நஞ்சை உண்டாக்குகின்றன, அதனால் முதுமை விரைகிறது. பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியங்களை உட்கொண்டால், அவற்றின் லாக்டிக் அமிலம் தீய கிருமிகளை அடக்கிவிடும்.

நுண்ணுயிர் என்றாலே மக்கள் நடுங்கிய காலம் அது. அப்போது, ஒரு நுண்ணுயிரைக் கொண்டே மற்றொன்றை அடக்கலாம் என்று துணிந்து கூறியது இந்நூலின் பெருமை.

ஆனால் குறைகள் இரண்டு உள்ளன. பெருங்குடலையே வேண்டாத உறுப்பு என்று அவர் கருதினார். அங்கே குடியிருப்பவை நமக்குக் காவலாகவும் இருப்பதை அவர் காணவில்லை. சிகாகோ ஆய்வாளர்கள் 1954-லும் பின்னரும் சுண்டெலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்தனர். வழக்கமாக நோய்த்தொற்று ஏற்படச் சுமார் 1,00,000 சால்மொனெல்லாக் கிருமிகள் தேவைப்பட்டன. மருந்தினால் குடல்வாழ் பாக்டீரியங்கள் அழிந்தபின், 10-க்கும் குறைவான கிருமிகளே போதுமாயின!

இரண்டாவது குறை, அமிலம் என்ற ஆயுதத்தை மட்டுமே அவர் கண்டது. உணவுப் போட்டியை அவர் கணக்கில் கொள்ளவில்லை. 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பார்களே, குடல்வாழ் பாக்டீரியங்கள் பெரும்பாலும் அந்த வகைதான். சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், இரும்பு ஆகியவற்றை அவை முன்னதாகவே உண்டு தீர்த்துவிட்டால், பிந்தி வரும் கிருமி பெருக வழியேது?

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் இதைச் சோதித்தனர். தனியோர் இனம் தந்த பாதுகாப்பு சொற்பமே. 50 இனங்கள் வரை கூட்டாக வளர்த்தபோது, நோய்க்கிருமிக்கு வேண்டிய சத்துகளை அவை பங்கிட்டு உண்டுவிட்டன; கிருமியின் வளர்ச்சி வெகுவாகக் குன்றியது. ஒருவன் காலி செய்ய முடியாத இலையைப் பலர் சேர்ந்து காலி செய்துவிட்டனர் எனலாம்.

ஆகவே, தயிரை நீங்கள் கைவிட வேண்டியதில்லை; அது நல்ல உணவே. ஆனால் ஒரே ஓர் இனத்தைக் குப்பியில் அடைத்து, 'குடலுக்குக் காவல்' என்று விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்குமுன் ஒருகணம் சிந்தியுங்கள். பந்தியில் அமர்ந்திருப்பவர்களை நாமே எழுப்பி அனுப்பிவிட்டால், காலியான இலையில் யார் வந்து அமர்வார்?