வதரிங் ஹைட்ஸ் என்கிற வீடு

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில், ஹாவொர்த் என்ற ஊரிலிருந்து சில மைல் தூரம் மேட்டு நிலத்தில் ஏறிப் போனால் டாப் விதென்ஸ் என்கிற பண்ணை வீடு வரும். வீடு என்று சொல்வது பழைய பெயருக்காகத்தான். கூரை போய்விட்டது, கற்சுவர்கள் நிற்கின்றன, பக்கத்தில் இரண்டு மரங்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய சாதாரணக் குடியானவர் வீடு. இதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வழிகாட்டும் பலகையில் ஜப்பானிய எழுத்துக்கூட உண்டு. எமிலி பிராண்டி 1847இல் வெளியிட்ட 'வதரிங் ஹைட்ஸ்' நாவலில் வரும் வீடு இதுதான் என்று ஒரு நம்பிக்கை.

1872இல் நாவலுக்குப் படம் போட வந்த ஓவியருக்கு இந்த இடத்தைக் குறிப்பிட்டவர், எமிலியின் அக்கா சார்லட்டின் சிநேகிதி எல்லென் நஸ்ஸி. பிராண்டி சங்கத்தார் 1964இல் சுவரிலே ஒரு பலகை பதித்து உண்மையைச் சொல்லிவிட்டார்கள். கட்டிடம் முழுசாக இருந்த நாளிலும் நாவலின் வீட்டுக்கும் இதற்கும் ஒற்றுமை கிடையாது; இடத்தின் அமைப்பு மட்டும் ஆசிரியையின் மனசில் இருந்திருக்கலாம் என்பது அதன் சாரம்.

நாவலின் வீட்டுக்கு ஆழப் பதித்த குறுகிய ஜன்னல்கள். மூலைகளில் துருத்தி நிற்கும் பெரிய கற்கள். வாசலுக்கு மேலே விசித்திர மிருகங்களும் அம்மணச் சிறுவர்களுமாகச் சிற்பங்கள். நடுவே 1500 என்ற வருஷமும், ஹேர்ட்டன் எர்ன்ஷா என்ற பெயரும். ஏழைப் பண்ணையில் இந்தச் சிற்பங்களுக்கு ஏது இடம்? ஹாலிஃபாக்ஸ் அருகே ஹை சண்டர்லாண்ட் என்ற மாளிகையில் இதுபோன்ற சிற்பங்கள் இருந்தன. 1838இல் அதற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எமிலி உபாத்தியாயினியாக இருந்தார். அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. அந்த மாளிகையை 1951இல் இடித்துவிட்டார்கள்.

எங்கிருந்து எடுத்தார் என்பதோடு விமரிசனம் நின்றுவிட்டால் பிரயோசனமில்லை. எடுத்ததை என்ன செய்தார்? கதை சொல்லும் லாக்வுட் வாசல்படி தாண்டினால் நேரே குடும்பத்தார் உட்காரும் அறை. திண்ணையோ ரேழியோ கிடையாது. அந்நியன் ஒரே எட்டில் நாய்களுக்கும் சண்டைக்கும் நடுவே நிற்கிறான். வாசகனும்தான்.

வாசல்மேல் இருக்கும் பெயரைப் பாருங்கள். ஹேர்ட்டனின் தகப்பன் நிலத்தையெல்லாம் அடமானம் வைத்துச் சூதாடித் தோற்கிறான். சொத்து ஹீத்கிளிஃப் கைக்குப் போகிறது. வாரிசான பையன் சொந்த வீட்டிலேயே வேலைக்காரனாக, எழுத்தறியாதவனாக வளர்கிறான். தலைக்கு மேலே இருப்பது தன் பெயர்தான் என்று படிக்க அவனுக்குத் தெரியவில்லை. பின்னால் ஒரு பெண்ணிடம் மதிப்புப் பெறுவதற்காக எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுகிறான். வருஷம் என்ன என்று அவள் கேட்கிறாள். இலக்கம் இன்னும் வரவில்லை என்கிறான். அவள் சிரித்துவிடுகிறாள். சொத்து, அவமானம், காதல் என்று நாவலில் உள்ளது அத்தனையும் அந்த ஒரு வாசற்கல்லில் வந்து சேர்ந்துவிடுகிறது.

நாவலில் வீட்டை வர்ணிக்கிறோம் என்று தூணையும் முற்றத்தையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுப் பிறகு மறந்துவிடுகிறவர்கள் அநேகம். எமிலி ஆரம்பத்தில் காட்டிய கல்லை இருபது அத்தியாயம் கழித்தும் மறக்கவில்லை. டாப் விதென்ஸுக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 'வதரிங்' என்ற வட்டாரச் சொல்லுக்குப் புயற்காற்றின் இரைச்சல் என்று பொருள். அந்தக் காற்று அங்கே கிடைக்கும். ஹேர்ட்டனின் பெயரைப் பார்க்க வேண்டுமானால் நாவலைத்தான் மறுபடியும் எடுக்க வேண்டும்.